நிலாவெளியின் முருகைப்பாரும் நம்முடைய கால்களும்

திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலை, அரச ஆவணங்களில் புறாத்தீவு தேசியப் பூங்கா எனப்படுகிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறி, ஹிக்கடுவ உட்பட இலங்கையின் ஆழங்குறைந்த முருகைப்பார்கள், அதாவது பவளப்பாறைகள், பல வெளிறி மடிந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் தப்பிப் பிழைத்தன. அவ்வாறு தப்பிய புறாமலைப் பாரின் மேல்தான் மூச்சுக்குழலும் முகக்கண்ணாடியும் அணிந்துகொண்டு நாம் மிதிக்கிறோம்.

நானும் மிதித்திருக்கிறேன். முதல் தடவை சென்றபோது, இடுப்பளவு நீரில் முகக்கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து கண் எரிந்ததும், ஒன்றும் யோசிக்காமல் காலைக் கீழே ஊன்றி எழுந்து நின்றுவிட்டேன். காலடியில் ஏதோ நொறுங்கியது. "அக்கா, கால் வைக்காதீங்க, அது உயிர்" என்று வள்ளக்காரத் தம்பி கத்தினார். அவர் அதைச் சொல்லும்போது நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன் என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

முருகைக்கல் என்ற சொல்லிலும் பவளப்பாறை என்ற சொல்லிலும் கல்லும் பாறையும் இருப்பதால், நிற்பதற்கு உகந்த இடம் என்றே நம் மனம் அதனை எடுத்துக்கொள்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உண்மையில் அந்தச் சுண்ணாம்புக் கூட்டின் மேற்பரப்பில் மெல்லிய தோல்போலப் படர்ந்திருப்பவை ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே வெயிலைக் கொண்டு அவற்றுக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை ஆக்கிக் கொடுக்கின்றன. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி அப்படியே சில வாரங்கள் நீடித்தால், அந்தப் பாசிகள் வெளியேற, முருகை வெளிறிப் பட்டினி கிடக்கிறது. திரண்டு உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் முதல் ஓரிரு சென்ரிமீற்றர் வரை மட்டுமே வளர்கின்றன. மான்கொம்புபோலக் கிளைவிடுபவை விரைவாக வளரும், ஆனால் அவைதான் ஒரு குதிகால் பட்டாலே முறிகின்றன. முறியாமல் தோல் மட்டும் உரிந்தாலும், அந்தக் காயத்தின் வழியே நோய் நுழைந்துவிடுகிறது.

இதையெல்லாம் எழுதிப் பலகையில் வைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. முருகையை உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எவரும் அங்கே போவதில்லை. அச்சம்தான் காலை ஊன்றச் செய்கிறது. நீச்சல் தெரியாத ஒருவருக்குப் பாதுகாப்பு அங்கியை மாட்டி விட்டால், அவர் குப்புறக் கிடக்காமல் நிமிர்ந்து மிதக்கிறார், கால்கள் நேரே கீழே தொங்குகின்றன, முதல் மிடறு உப்புத்தண்ணீர் உள்ளே போனதும் பாதம் தானாகவே பிடிமானத்தைத் தேடுகிறது. அந்தக் கணத்தில் எந்த அறிவிப்புப் பலகையும் நினைவுக்கு வராது. உடலுக்குப் பழக்கமான ஒன்று மட்டுமே அப்போது கைகொடுக்கும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: நிலாவெளிக் கரையின் மணற்பாங்கான நீரில் அரைமணி நேரம் பயிலாத எவரையும் பாருக்கு மேலே இறங்க விடக்கூடாது. முகக்கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி மூக்கால் ஊதினால் உள்ளே புகுந்த நீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். குழலுக்குள் நீர் புகுந்தால் வாயால் பலமாக ஊதினால் போதும். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம். இந்த மூன்றையும் மணலின் மேல் செய்து காட்டியவருக்குப் பாரின் மேல் கால் வைக்கத் தேவையே இராது.

ஹவாயின் ஹனௌமா குடாவில் 1967 முதல் கடல்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் 1980களில் ஆண்டுக்கு முப்பது இலட்சம் பேர்வரை அங்கே திரண்டார்கள். 2002 முதல், ஒரு விளக்கப் படத்தைப் பார்த்த பின்னரே எவரும் கரைக்கு இறங்கலாம் என்றாக்கினார்கள். இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் குடாவை மூடி வைக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றால் மாதக்கணக்கில் மூடியிருந்தபோது அங்கே நீர் தெளிந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள். தாய்லாந்தின் மாயா குடா 2018இல் மூடப்பட்டது. ஆட்கள் இல்லாத அந்த ஆழங்குறைந்த நீருக்குக் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022இல் மீண்டும் திறந்தபோது அங்கே நீந்துவதற்கே தடை விதித்தார்கள். புறாமலையைத் தேடி மக்கள் வருவதற்குப் பெருங்காரணம் இதே கருமுனைச் சுறாக்கள்தான் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே புறாமலைக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை.

வாடை தொடங்கியதும் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால், அங்கே தொழில் நடப்பது பெரும்பாலும் மே முதல் செப்ரெம்பர் வரைதான். அந்தச் சில மாத வருமானத்தில் ஒரு நாளைக் குறைக்கச் சொல்வது வள்ளக்காரர்களின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. போர் முடிந்த பிறகு இந்தக் கடலை நம்பித் தலையெடுத்த குடும்பங்கள் அவை. ஆனால் அந்த அரைமணி நேரப் பயிற்சியை அவர்களே கற்பித்து, அதற்கான கட்டணத்தையும் அவர்களே பெறட்டும். கடலின் நீரோட்டத்தையும் பாரின் இடுக்குகளையும் அவர்களைவிட நன்கு அறிந்த ஆசிரியர்கள் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும், மேலிருந்து திணிக்கக்கூடாது.

சென்ற ஆண்டு பதினொரு வயதுப் பெறாமகளை அழைத்துச் சென்றபோது, காலையில் கரையோர மணலில் அவளுக்கு இந்த மூன்றையும் பழக்கினேன். பாருக்கு மேலே அவளுடைய முகக்கண்ணாடிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவள் தலையைச் சற்றே நிமிர்த்தி, நெற்றியில் விரலை அழுத்தி, மூக்கால் ஊதினாள். கால்கள் பின்னால் நீண்டபடியே இருந்தன. அவளுக்குக் கீழே, ஒரு முழ இடைவெளியில், கிளைமுருகை முறியாமல் நின்றது.