'பிறன்' என்றால் சபையார் மட்டுமா?

"உன்னைப்போல் பிறனை நேசி என்பது சக கிறிஸ்தவனைப் பற்றியது, சைவ வீடுகளுக்கு உதவ வேண்டுமென்று பைபிளில் இல்லை. ஆதாரம்: கலாத்தியர் 6:10." யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பிழையானது.

நன்மை செய்யச் சொல்லும் அந்த வசனத்தில் 'விசுவாச குடும்பத்தார்' என்ற சொல் இருப்பது மெய்தான். ஆனால் அதற்கு முன்னால் 'யாவருக்கும், விசேஷமாக' என்று இருக்கிறது. செய்தி எழுதியவர் அதை வெட்டிவிட்டார். 'விசேஷமாக' என்பது 'மட்டும்' ஆகாது.

கட்டளை முதலில் வருவது லேவியராகமம் 19:18இல். அங்கே 'உன் ஜனம்' என்ற பேச்சு உண்டு, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதே அதிகாரம் 34ஆம் வசனம், உங்களோடு குடியிருக்கும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்கிறது. லூக்கா 10இல் "பிறன் யார்?" என்றே ஒருவர் இயேசுவிடம் கேட்கிறார். பதிலாக வரும் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் சமாரியன். யூதர் ஒதுக்கிவைத்த கூட்டத்தான்.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் சைவர்களுக்கும் மருந்து கொடுத்தார், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார்.

பகிரமுதல் வசனத்தை முழுதாக வாசியுங்கோ.