கழிவுத்தொட்டியோடு ஒரு கடற்கரைப் பயணம்

ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி, வேளச்சேரியிலிருந்து பிச்சாவரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்வந்தோம். சீசன் இல்லாத நேரம், கூட்டம் இருக்காது, வாடகையும் குறைவு என்று வண்டி உரிமையாளர் ஆசை காட்டினார். ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் மழையைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை. அதைக் கண்ணாடி வழியே பார்க்கத்தானே வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். (கேரவன் என்றால் நடிகர்களுக்கு மட்டும்தான் என்று நம்பியிருந்த என் மாமியார், கிளம்பும்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டார்.)

என் ஆத்திரமெல்லாம், அந்த வீட்டை இரவில் நிறுத்த ஓர் இடமும் அதன் கழிவுத்தொட்டியைக் காலி செய்ய ஒரு குழியும் இத்தனை நீளக் கடற்கரையில் கிடைக்கவில்லையே என்பதுதான். தொட்டி நிறைந்தால் எரிவதற்கென்று கழிப்பறைக் கதவின் மேல் ஒரு சிறிய சிவப்பு விளக்கு இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அது எரியத் தொடங்கியது. அதன்பிறகு யாரும் கடலைப் பார்க்கவில்லை, அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மரக்காணத்துக்கு முன்னால் ஒரு விடுதி. வாகனம் நிறுத்துமிடத்தில் இரண்டு நாய்களைத் தவிர எதுவுமில்லை. ஓரிரவு நிறுத்திக்கொள்கிறோம், மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் தருகிறோம் என்றதற்கு, அறை எடுத்தால்தான் வண்டியை உள்ளே விட முடியும் என்றார் மேலாளர். சரி, அறையைக் கொடுங்கள் என்றால், “சீசன் இல்லைங்க, ரூம் எல்லாம் மூடிட்டோம்” என்கிறார்!

வேறு வழியின்றி ஒரு முகத்துவாரத்தின் ஓரம் மணல் திட்டில் நிறுத்தினோம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், “ஓதம் ஏறும் தம்பி, மேட்டுக்குப் போயிடுங்க” என்றார். நம் கரையில் ஓதம் என்னும் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பௌர்ணமியிலேயே ஏறத்தாழ 1 மீட்டர்தான், அது என்ன செய்துவிடும் என்று நினைத்த என் மேதாவித்தனத்தை என்ன சொல்ல? நல்லவேளை, வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். மழை வெள்ளம் ஆற்றிலிருந்து இறங்க, கடல் எதிரே ஏறி வழிமறிக்க, விடியற்காலையில் எங்கள் டயர்த் தடம் இருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இதைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. மேட்டில் நிறுத்தியிருந்த எங்களையும் நள்ளிரவில் ஒரு காவலர் கண்ணாடியைத் தட்டி எழுப்பி நகரச் சொன்னார். எங்கே நகர்வது என்று மட்டும் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்க்கிலும் பேருந்து நிலையக் கழிப்பறையிலும் தொட்டியின் பெயரை எடுத்தாலே விரட்டினார்கள். பிச்சாவரத்தை நெருங்கியபோது ஒரு தேநீர்க் கடைக்காரர், “ராத்திரி வாய்க்கால்ல திறந்துவிடுங்க, யாரு பாக்கப்போறா” என்று யோசனை சொன்னார். சுரபுன்னைக் காட்டுக்குள் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் நீர் அது. இறக்கத்தில் விட்டது ஏற்றத்தில் இறால் பிடிப்பவரின் காலடிக்கே திரும்பி வராதா?

நிறைந்த தொட்டியோடு, ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினோம். தொட்டி கழுவும் கட்டணம் என்று முன்பணத்தில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்ட உரிமையாளரிடம், நீங்கள் எங்கேதான் காலி செய்கிறீர்கள் என்று கேட்டேன். “போன் பண்ணா லாரி வரும் சார், கடலூர் வரைக்கும் ஆள் இருக்கு” என்றார். அந்த எண்ணை முதல் நாளே ஏன் கொடுக்கவில்லை என்றால், நான் கேட்கவில்லையாம்.