கேரித் தீவுக்கு வந்து நாலு வருடம்

"தீவுலயா இருக்க? குடுத்து வச்சவடி நீ." போன மாதம் ஈப்போவில் பள்ளித் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது நாலு பேராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது வெள்ளை மணலும் தென்னையில் கட்டிய ஊஞ்சலும். நான் வாழும் தீவில் மணலே இல்லை. கடலோரம் என்றால் சேறு, அந்தச் சேற்றில் வேரை ஊன்றி நிற்கும் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்கள், அதற்கு இந்தப் பக்கம் ஆள் உயர மண் அணை. அணைக்கு உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இது தீவு என்பதே பாதி நாள் மறந்துபோகும். பாலம் ஏறும்போது கீழே லங்காட் ஆறு தெரிந்தால்தான் நினைவு வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரித் தீவு சிலாங்கூரில், கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது. பந்திங்கிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் பக்கம் வந்து பாலத்தைத் தாண்டினால் தீவு. கல்யாணமான ஆறாம் மாதம் என் கணவருக்கு இங்கே செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, மாற்றல் வந்தது. ஒரு லோரி நிறையச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினோம். நான் ஈப்போவின் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலையைப் பார்த்துப் பழகிய கண். இங்கே மேடு என்று ஒன்று கிடையாது. எல்லாச் சடக்கும், அதாவது சாலையும், ஒரே மாதிரி, எல்லா மரமும் ஒரே உயரம். முதல் மாதம் எனக்குக் கிழக்கு மேற்கே பிடிபடவில்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போது வழி தவறி, செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதிருக்கிறேன்.

வந்த முதல் வாரம், நடுராத்திரி, வீட்டுக்குப் பின்னால் யாரோ துணியை நீளமாகக் கிழிப்பது போல ஓர் அலறல். கூகை. எங்கள் வீட்டில் கூகை கத்தினால் பாட்டி எழுந்து விளக்கேற்றி வைத்துவிட்டு, யார் வீட்டில் என்ன சேதியோ என்று உட்கார்ந்திருப்பார். விடியும்வரை எனக்குக் கண் மூடவில்லை. காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். கம்பத்தின் மேல் ஒரு பலகைப் பெட்டி. அதன் அடியில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினார். சாம்பல் மயிர், அதற்குள் எலியின் மண்டையோடு, மஞ்சளாக இரண்டு முன்பல் அப்படியே ஒட்டிக்கொண்டு.

"எலி செம்பனைப் பழத்தக் கொறிச்சுப் போட்டுடும்மா. அத இது புடிச்சுத் தின்னுது. மருந்து வைக்கிறதவிட நல்லதுன்னு பெட்டி கட்டி, இதக் குடி வச்சிருக்காங்க. இது கத்தலன்னாதான் நாம பயப்படணும்."

அன்று ராத்திரி அதே அலறல் கேட்டது. நான் தூங்கிவிட்டேன்.

புது இடத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள். வீட்டு வாடகை என்ன, இணையம் வருமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று. எல்லாம் தேவைதான். ஆனால் என்னை இந்தத் தீவில் குடிவைத்தது அந்த அக்காவின் கை. இதை நான்கு வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் காட்டாமல் இருந்திருந்தால் ஆறே மாதத்தில் ஈப்போவுக்கு மாற்றல் கேட்கச் சொல்லிக் கணவரை நச்சரித்திருப்பேன்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேலை வாய்க்கால், மதகு, தண்ணீர்க் கணக்கு. தீவுக்கு இதுதான் உயிர்நாடி என்று எனக்கு முதலில் தெரியாது. இந்தப் பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். பெரிய ஏற்றத்தின்போது அணைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல் உயரத்தில் நிற்கும், மறுபக்கம் தோட்டம் பள்ளத்தில் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது கால் நடுங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் என்னையும் கணவரையும் மதகுக்குக் கூட்டிப்போனார். மேலே கீல் வைத்த கனமான கதவு. வற்றல் நேரத்தில் தோட்டத்து மழைத் தண்ணீர் உள்ளிருந்து தள்ளும், கதவு வெளிப்பக்கம் திறந்து தண்ணீர் ஓடிவிடும். ஏற்றம் வந்தால் கடலே கதவைத் தள்ளி மூடிவிடும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். ஆனால் இடையில் ஒரு மட்டைத் துண்டு சிக்கிக்கொண்டால் போதும், ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓட்டம் குறைந்து, தண்ணீர் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. மாமா பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். கதவு மெல்ல நகர்ந்து 'தொப்' என்று சட்டத்தில் உட்கார்ந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "சரியா ஒக்காந்துச்சு. குச்சி மாட்டியிருந்தா சத்தம் வேற மாதிரி வரும்." டார்ச் லைட் அடித்துப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

தண்ணீரை முழுசாக வடித்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்டேன். "வடிச்சா மண்ணு புளிச்சிடும்மா" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே சரி. கடலோரக் களிமண்ணின் அடியில் கந்தகம் கலந்த கனிமம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். தண்ணீர் வற்றிக் காற்றுப் பட்டால் அமிலமாக மாறி வேரைக் கெடுக்கும். அதிகம் நின்றாலும் கெடுதி, அதிகம் வடிந்தாலும் கெடுதி. எந்த வாய்க்காலில் எவ்வளவு நிற்கவேண்டும் என்பது மாமாவின் முழங்கால் கணக்கு. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர். அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை செய்தார். தாத்தா இந்த அணைக்கு மண் சுமந்தாராம்.

எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர்தான் தீவுக்கு நிலைத்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே ரப்பர் போட்டார், செம்பனை பிறகு வந்தது. மண்ணைச் சுமந்தவர்கள் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. நம்மவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில். நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து வைத்து, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அவர்கள் இங்கே கால் வைத்தபோது கை பிடித்துக் காட்ட எந்த அக்காவும் இல்லை. இருந்ததெல்லாம் காடும் கொசுவும் காய்ச்சலும். அவர்களுக்கும் முன்னால் இந்தத் தீவில் இருந்தவர்கள் மா மெரி என்ற பூர்வகுடி மக்கள். சுங்கை பும்புன் கிராமத்துப் பக்கம் போனால் இன்றைக்கும் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள், பெண்கள் ஓலை முடைகிறார்கள். ஹரி மோயாங் என்று முன்னோருக்கு ஒரு நாள். அவர்கள் படையல் வைத்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திவசம்தான் ஞாபகம் வந்தது.

எதிர் லயத்தில், அதாவது எதிர் வரிசை வீடுகளில், ஒரு பாட்டி இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், மகனோடு இருக்கிறார். "நாங்க பூவுக்குப் பவுடர் போட்டோம் தாயி" என்று அவர் முதலில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கக் கை வேண்டியிருந்தது. மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் ஊதுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. வண்டின் கதை செம்பனை பற்றிய புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஊதிய பெண்களின் கதையை நான் எங்கேயும் பார்க்கவில்லை. பாட்டியை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று மணி நேரம் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தினமும் பந்திங்குக்கு வேலைக்கு மோட்டாரில் போகிறேன், கடையில் கணக்கு எழுதும் வேலை. எதிரே மானேஜர் கார் வந்தால் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, இவற்றோடு சேர்த்து சைக்கிள். அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இதைப் படித்த மறுநாள் மோட்டாரை எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு வருகிற தை மாதம் அறுபது முடிகிறது. அதோடு வேலை முடியும், வேலையோடு வீடும் முடியும். இது ஒரு தோட்டத்தின் கதை இல்லை. நாடு முழுக்கத் தோட்ட வீடு என்பது வேலையோடு ஒட்டிய வீடு. 1990-இல் வந்த குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், வேலை செய்யும் வரை அந்த வீட்டில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த மறுநாள் எங்கே படுப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. சில தோட்டங்களில் வீட்டுடைமைத் திட்டம் வந்தது, நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வராத இடங்கள் எத்தனையோ.

"சேமநிதிப் பணம் இருக்குமே, பந்திங்கில் ஒரு வீடு வாங்கலாமே?" என்று என் சொந்தத் தம்பியே கேட்டான். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதே 2025 பிப்ரவரியில்தான். அதற்கு முன் முப்பது வருடம் அதைவிடக் குறைவாக வாங்கிய ஒருவரின் சேமநிதியில் எவ்வளவு இருக்கும்? அறுபது வயதில் எந்த பேங்க் கடன் கொடுக்கும்? இன்னும் சிலர், தோட்டத்தை விட்டு வெளியேறுவதுதான் முன்னேற்றம் என்கிறார்கள். பிள்ளைகள் வெளியே போகட்டும், படிக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். மாமாவின் மகள் கிள்ளானில் நர்ஸ். ஆனால் விருப்பப்பட்டுப் போவது வேறு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிப் போவது வேறு. நான் வந்து நாலு வருடம். மூன்று தலைமுறையாக இந்தத் தீவைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் மாமாவுக்கும் எனக்கும் காகிதத்தில் ஒரே தகுதி. இரண்டு பேருமே வேலை இருக்கும்வரை குடியிருப்பவர்கள். இது நியாயம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஓய்வுபெறுகிறவருக்கு அதே வட்டாரத்தில், தவணையில் கட்டி முடிக்கக்கூடிய சின்ன வீடு அல்லது மனை. கோயில் திருவிழாவுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில். இந்தப் பக்கம் புதுத் துறைமுகம் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒன்று வந்து நிலத்தின் விலை ஏறிய பிறகு இதைக் கேட்டால் யார் காதில் விழும்? மா மெரி மக்களின் நிலத்தையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும்.

போன ஞாயிறு அக்காவையும் மாமாவையும் பந்திங்கில் ஒரு வாடகை ஃபிளாட் பார்க்கக் கூட்டிப்போனேன். நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. அக்கா சமையலறையை அளந்தார், சாமி மேடையை எங்கே வைக்கலாம் என்று சுவர் சுவராகப் பார்த்தார், தன் கறிவேப்பிலை மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா ஜன்னல் பக்கம் போய் நின்று, கீழே ஓடும் சாக்கடை எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாட்டின் சொந்தக்காரர் முன்பணம் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டோம். அன்று அமாவாசை. பாலம் தாண்டியதும் மாமா வீட்டுக்கு வரவில்லை, மதகுப் பக்கமே இறக்கிவிடச் சொன்னார்.