புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவது?

காரின் சஸ்பென்ஷன் பற்றிய கட்டுரையில், முன்பக்க ஸ்ட்ரட்டையும் (சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த பாகம்) லோயர் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) வீட்டிலேயே மாற்றும் முறையைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே எல்லா போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கிவிடலாம் என்று அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உறையே புஷ்; அதன் போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழல் அசையாமல் பிடிபட்டுவிடுவதால், வண்டி தரையில் இறங்கியபின் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துபோகிறது. காரைக்குடியில் என் பழைய காருக்கு வெளிச்சந்தை ஆர்ம் (கார் நிறுவனம் தயாரிக்காத மாற்றுப் பாகம்) வாங்கிப் பொருத்தியபோது இதே தவற்றைச் செய்து, ஒரே கோடையில் இரண்டு முறை செலவழித்தவன் நான். வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பின்னரே, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கொண்டு புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

சுருள்வில்லை உரிய கருவியால் அமுக்காமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தானது. எங்கள் பக்கத்துச் செம்மண் தரையில், அதுவும் மழை பெய்த மறுநாள், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதைந்துவிடும் என்பதால், அடியில் கனமான பலகை வைப்பது அவசியம். வேலை முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சரிபார்ப்பு) பார்க்காவிட்டால் புதிய டயரும் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.