இல்லாத ஊருக்கு வழி

ஞாயிற்றுக்கிழமை தருமபுரி வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் காட்டும் மிடில் எர்த் என்ற கற்பனை உலகத்துக்குக் கேரன் வின் ஃபான்ஸ்டாட் உருவாக்கிய வரைபடத் தொகுப்பை நான் அறிமுகப்படுத்தத் தொடங்கியதுமே, நான் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர், "இல்லாத ஊருக்கு வழி சொல்கிற புத்தகம்" என்று பேச்சை முடித்துவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஐயா, ஊர் இல்லாததுதான், வழி பொய்யில்லை. 1981இல் வெளிவந்து 1991இல் திருத்தம் பெற்ற அந்த நூலைச் செய்தவர், முறையாகப் புவியியல் படித்தவர். கதையின் பயணிகள் எந்த நாளில் எவ்வளவு தொலைவு நடந்தார்கள், இரவில் எங்கே தங்கினார்கள் என்பதையெல்லாம் நாவலின் வரிகளிலிருந்தே கணக்கிட்டு வரைந்திருக்கிறார். டிசம்பர் 25 அன்று ரிவெண்டெல் என்ற பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் ஒன்பது பேர், ஜனவரி 13 இரவு மோரியா என்ற, மலைக்கு அடியில் குடைந்த நகரின் வாசலை அடைவதுவரை நாமும் கூடவே நடக்கலாம். நில அமைப்பு, தட்பவெப்பம், தாவரங்கள், மொழிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் உண்டு. இவ்வளவு உழைப்பைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கலாமா?

வரைபடம் வாசகரின் கற்பனையைக் கட்டிப்போடும் என்பீர்கள். டோல்கீனே வரைபடத்தில் தொடங்கி, அதற்கு ஏற்பத்தான் கதையை அமைத்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் நடுகற்கள் இருக்க இது எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். நடுகற்களைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு அவரைவிட அதிக முறை சென்றவன் நான். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் அப்பா தொப்பூர் கணவாயில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் பெங்களூரில் பழைய புத்தகமாக வாங்கி வந்த இந்தத் தொகுப்பை ஒருநாள் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது பேர் போன கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பனி விழுந்து அவர்கள் திரும்பிய கராத்ராஸ் கணவாயில் விரல் நின்றது. "இந்த ஏற்றத்தில் ஏறியிருக்கக் கூடாதப்பா, சுற்றிப் போக வேறு வழி இல்லையா?" என்று கேட்டார். நாவலில் அந்தப் பயணிகள் தங்களுக்குள் வாதிட்ட அதே கேள்வி அது. ஒரு வரிகூடப் படிக்காதவர், கோடுகளைப் பார்த்தே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று மாலை முழுவதும் அவருக்குக் கதையைச் சொன்னேன். மோரியாவுக்குள் நுழையும் இடத்தில், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

அவர் இப்போது இல்லை. அந்தப் புள்ளி இருக்கும் பக்கத்தைத்தான் ஞாயிறன்று விரித்து வைத்திருந்தேன்.