மைனஸ் 412 டிகிரி

பலூனில் வானிலைக் கருவியைக் கட்டி உலகம் முழுக்கத் தினமும் இரண்டு வேளை மேலே விடுகிறார்கள். நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 கணக்கு. அது 30 கிலோமீட்டர் வரை ஏறி, வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிவிட்டு வெடித்துவிடும். இரண்டு மணி நேர வேலை. அந்தத் தரவை ஓர் ஆராய்ச்சித் தளத்திலிருந்து இறக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

முதலில் பதிவு செய்ய வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று 100 எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். ‘மழை பிடிக்கும்’ என்றால் ஏற்காது. அப்புறம் ஒப்புதல் மின்னஞ்சல். அது ஸ்பேமில் போய்ப் படுத்திருந்தது. நான் கண்டுபிடிப்பதற்குள் இணைப்பு காலாவதி. மறுபடியும் முதலிலிருந்து!

சரி, கோப்பு வந்தது. நெட்சிடிஎஃப் என்று அறிவியல் தரவுக்கென்றே ஒரு கோப்பு வடிவம். எக்செல்லில் திறந்தால் பூச்சி பூச்சியாக எழுத்துகள். பைத்தான் நிரல்மொழியில் ஒருவழியாகத் திறந்து வெப்பத்துக்குச் சராசரி போட்டேன். மைனஸ் 412 டிகிரி. ஐயா, மைனஸ் 273.15-க்குக் கீழே குளிரே கிடையாது! நோண்டிப் பார்த்தால், அளவீடு விடுபட்ட இடத்திலெல்லாம் -9999 என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும் குறிப்பு கோப்பில் இல்லை, தளத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அதைப் படிக்கவும் லாகின் வேண்டுமாம்.

கடவுச்சொல் தவறு என்கிறது.