ஜியோஜேசானில் சிஆர்எஸ் வரி இனி இல்லை

ஜியோஜேசான் என்பது வரைபடத் தரவை உரையாக எழுதி அனுப்பும் கோப்பு வடிவம்; சிஆர்எஸ் வரி என்பது அதிலுள்ள எண்கள் எந்த ஆயமுறையில் உள்ளன என்று சொல்வது. மேலே ஒருவர் "ஜியோஜேசானில் சிஆர்எஸ் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், யூடிஎம் மீட்டரிலேயே அனுப்பலாம்" என்கிறார். யூடிஎம் என்பது இடத்தை டிகிரிக்குப் பதில் மீட்டரில் குறிக்கும் முறை. ஆனால் அவர் சொல்வது 2008 வரையறை. 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தரநிலை ஆவணம் அந்த வரியையே எடுத்துவிட்டது. இப்போது டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆயமுறை), டிகிரியில், அவ்வளவுதான். இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் மட்டும் வேறு முறைக்கு இடமுண்டு, ஆனால் முகம் தெரியாதவருக்கு அனுப்பும் கோப்பில் அந்த வேலை வேண்டாம், பல மென்பொருள்கள் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் உங்கள் மீட்டர்களை டிகிரியாகவே படிக்கும்.

அப்புறம், முதலில் தீர்க்கரேகை, பிறகுதான் அட்சரேகை. சென்னை என்றால் [80.27, 13.08]. மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரைக்கு அப்பால் கடலில் விழும், பிழைச்செய்தியும் வராது. வெறும் புள்ளிகள்தான் என்றால் தலைப்பு வரியுள்ள சிஎஸ்வியே (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) போதும். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவம்? பத்தெழுத்துக்கு மேல் புலப்பெயர் (நெடுவரிசைப் பெயர்) வைக்க முடியாததை இன்னும் ஏன் கட்டி அழவேண்டும்!